வலது பக்கத்தில் கியர்

ராஜபாளையம்
6.11.88

அன்புள்ள அண்ணனுக்கு, குருவம்மாள் எழுதுவது. நாங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். அம்மாவுக்கு இருமல் விட்டுவிட்டது. அங்கே குளிர் தொடங்கியிருக்கும் என்று அம்மா தினமும் சொல்கிறாள். கம்பளி இருக்கிறதா என்று கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

பங்குனிக்குள் பட்டாளத்தை விட்டு வந்துவிடுவதாகவும், நம் மோரிஸ் மைனரை வாடகைக்கு ஓட்டப் போவதாகவும் நீ எழுதியிருந்ததை அப்பாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். முதல் தடவை ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே கேட்டார். இரண்டாம் தடவை, "பதினஞ்சு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டவன் ஏழாம் வருசத்துலயே வாரேங்கான். அங்க என்ன தப்புப் பண்ணுனானோ" என்றார். "வாரவனை வரவிடாம என்ன பேச்சு பேசுதீக" என்று அம்மா அடுப்படியிலிருந்து சத்தம் போட்டாள். அதோடு சரி. மறுநாள் காலையில் அப்பா பட்டறைக்குப் பின்னால் கிடந்த காரின் மேல் மூடியிருந்த தகரங்களை எடுத்துவிட்டார். அதுதான் அவருடைய பதில் என்று நினைக்கிறேன்.

ஒரு நல்ல செய்தி. ஸ்ரீவில்லிபுத்தூர் கார் ஸ்டாண்டில் ஆண்டிச்சாமி மாமா தன் வண்டியை விற்றுவிட்டு மகள் வீட்டோடு போய் இருக்கப் போகிறாராம். அவருடைய இடத்தை உனக்குத் தருவதாக அப்பாவிடம் சொன்னார். கோயிலுக்கு வருகிறவர்களைச் செண்பகத்தோப்பு வரைக்கும் கூட்டிப்போய் வந்தாலே ஒரு ஆளுக்குப் பிழைப்பு ஓடும் என்கிறார். ஆனால் சித்திரை முதல் தேதி வண்டி அங்கே நிற்க வேண்டும். இல்லையென்றால் அந்த இடத்தை வேறொருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மோரிஸின் பழைய எஞ்சின் வெடித்துவிட்டது, அது உனக்குத் தெரியும். அதற்குப் பதிலாக ஒரு மில்லில் கழித்துப்போட்ட அம்பாசடர் எஞ்சினை அப்பா வாங்கிவந்து பிரித்துச் சுத்தம் செய்து வைத்திருக்கிறார். இப்போது கியர் பாக்ஸில்தான் நிற்கிறது. மோரிஸின் கியர் பாக்ஸையே வைத்தால், இந்த எஞ்சினின் இழுவைக்குச் செண்பகத்தோப்பு ஏற்றத்தில் பல் உடைந்துவிடுமாம். அம்பாசடர் கியர் பாக்ஸ் எஞ்சினோடு அப்படியே பொருந்தும். ஆனால் அதன் லிவர் ஸ்டீயரிங் தண்டில் வரும், கம்பியெல்லாம் புதிதாக வளைத்துப் பூட்ட வேண்டும். மூன்றாவது, காண்டஸா கார் முதலில் வந்தபோது அதில் வைத்திருந்த பாக்ஸ். அதுவும் இந்த எஞ்சினுக்குப் பொருந்தும். லிவர் கீழே, தரையில். அப்பாவுக்கு அதில்தான் ஆசை. மதுரையில் ஒன்று கிடக்கிறது என்று கேள்விப்பட்டு இரண்டு நாளாக அதே பேச்சு. "ஓட்டப்போறவன் அவன். அவனைக் கேட்டு எழுதுட்டி" என்றார். அதனால் எழுதுகிறேன். எது வேண்டும்?

ஏழு வருடத்தில் ஏன் வருகிறாய் என்று நானும் கேட்கலாமா?

உன் தங்கை,
குருவம்மாள்

* * *

முகாம்
20.11.88

அன்புத் தங்கை குருவுக்கு,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. கம்பளி இரண்டு இருக்கிறது என்று அம்மாவிடம் சொல். தப்பு எதுவும் பண்ணவில்லை என்று அப்பாவிடம் சொல். எனக்கு இங்கே போதும் என்று ஆகிவிட்டது, எழுதிக் கேட்டேன், விடுவதாகச் சொல்லிவிட்டார்கள். இதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

கியர் பாக்ஸ் விஷயம். காண்டஸா வேண்டாம். அப்பா மதுரைக்குப் பஸ் ஏறுவதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடு. தரையில் லிவர் நின்றால் முன்சீட்டில் டிரைவரோடு ஒருவர்தான் உட்காரலாம். ஸ்டீயரிங்கில் கியர் இருந்தால் நடுவிலும் ஒருவரை உட்கார வைக்கலாம். நம் பக்கம் கல்யாணத்துக்கு ஒரு வண்டியில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று அப்பாவுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆகவே அம்பாசடர் பாக்ஸ்.

லிவர் ஸ்டீயரிங்கின் வலது பக்கம் வர வேண்டும். ஹேண்ட் பிரேக்கும் இரண்டு சீட்டுக்கும் நடுவில் வேண்டாம், வலது பக்கம் கதவோரமாக வைக்கச் சொல். சிரமம்தான். அப்பாவால் முடியாதது இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் தவசிமுத்து லேத்தில் கொடுத்தால் கம்பிகளைச் செய்துவிடுவார்.

சித்திரை முதல் தேதிக்கு ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிடுவேன். அந்த ஸ்டாண்ட் இடத்தைத்தான் நம்பியிருக்கிறேன். ஆண்டிச்சாமி மாமாவிடம் இதை அழுத்திச் சொல்லச் சொல்.

அன்புடன்,
பாண்டி

* * *

ராஜபாளையம்
11.12.88

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்தேன். அவர் காருக்கு அடியில் படுத்திருந்தார். வெளியே கால் மட்டும்தான் தெரிந்தது. எழுந்து நின்று நாலு பேர் முன்னால் ஒரு வரி வாசிக்க முடியாமல்தான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். ஆனால் அப்பா காருக்கு அடியில் இருக்கும்போது எனக்கு நன்றாகவே வாசிக்க வருகிறது.

காண்டஸா வேண்டாம் என்ற இடத்தில் ஸ்பானர் சத்தம் நின்றுவிட்டது. மூன்று பேர் உட்காரலாம் என்ற இடத்தில் மறுபடியும் கேட்டது. பிறகு நானும் அவரும் கியர் பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்டைப் புது பாக்ஸுக்கு ஏற்றபடி குட்டையாக்குவதற்காக ஸ்ரீவில்லிபுத்தூர் லேத்துக்குப் போனோம். தவசிமுத்து மாமா சிரித்தார். "ஏலே மலைச்சாமி, பட்டாளத்துல ஜீப்பு ஓட்டுன பய கீழ கியரு கேப்பான்னு பாத்தா, தாத்தாமாரு வண்டிக் கியரு கேக்கானே" என்றார். "முன்னால மூணு பேரை ஏத்தணுமாம்ல. வண்டி ஓட முன்னாடியே பயலுக்கு யாவாரப் புத்தி வந்துட்டு" என்றார் அப்பா. அவருக்கு உள்ளுக்குள் சந்தோஷம். நீ வியாபாரம் யோசிக்கிறாய் என்றால் நிஜமாகவே வரப்போகிறாய் என்று அர்த்தமாம். வரும் வழியில் பஸ்ஸில் என்னிடம் சொன்னார்.

அம்பாசடர் பாக்ஸ் வாங்கிவிட்டோம். எஞ்சினோடு பூட்டி வண்டிக்குள் இறக்கியாகிவிட்டது. ஸ்டீயரிங் தண்டில் லிவரும் மாட்டிவிட்டார். வெள்ளிக்கிழமை மில் வாசல் வரைக்கும் ஓட்டிப்போய் வந்தார். அம்மா தேங்காய் உடைத்தாள்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். லிவர் வலது பக்கம் வர வேண்டும் என்று நீ எழுதியிருந்தாய். அவசரத்தில் இடது என்பதற்கு வலது என்று எழுதிவிட்டாய். அப்படியே வாசித்தால், மெக்கானிக் மகனுக்கு இடது வலது தெரியவில்லை என்று லேத்து வரைக்கும் பேச்சாகிவிடும். அதனால் நானே இடது என்று மாற்றி வாசித்துவிட்டேன். ஹேண்ட் பிரேக்கைக் கதவோரம் வைக்கச் சொன்ன வரியை விட்டுவிட்டேன். அதுவும் அதே குழப்பத்தில் எழுதியதாகத்தான் இருக்கும். யாருக்கும் தெரியாது. நீ வெட்கப்பட வேண்டாம். அம்பாசடரில் இருப்பது போலவே லிவர் இடது பக்கம் சரியாக இருக்கிறது.

உன் தங்கை,
குருவம்மாள்

* * *

முகாம்
28.12.88

குருவுக்கு,

நான் எழுதியதைத் திருத்தச் சொல்லி உன்னை யார் கேட்டது? வலது என்று எழுதினால் வலதுதான். வண்டி ஓட்டுகிறவனுக்குத் தெரியாத இடது வலது உனக்குத் தெரிந்துவிட்டதா? ஒரு வரியை மாற்றி, ஒரு வரியை விழுங்கி, ஒரு மாத வேலையை வீணாக்கிவிட்டாய்.

லிவரை வலது பக்கம் மாற்றச் சொல். ஹேண்ட் பிரேக்கையும். காரணம் கேட்டால், நான் அப்படிக் கேட்கிறேன் என்று மட்டும் சொல். மாற்ற முடியாது என்றால் வண்டியை விற்றுவிடச் சொல். ஸ்டாண்ட் இடத்தையும் வேறு யாருக்காவது கொடுக்கச் சொல். நான் வரவில்லை. இங்கேயே ஒரு கம்பெனியில் கேட் காவலுக்கு ஆள் கேட்கிறார்கள். அதில் சேர்ந்துகொள்கிறேன்.

பாண்டி

* * *

ராஜபாளையம்
12.1.89

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மாற்றி வாசித்தது என் தப்பு. நீ திட்டியதில் தப்பில்லை.

அந்தக் கடிதத்தை அப்பாவுக்கு வாசிக்கவில்லை. கடிதம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் முகத்தைப் பார்த்து நான் சொன்ன முதல் பொய் இது. தபால்காரர் நம் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தியதை அவர் பார்த்தாரா என்று தெரியவில்லை, அவரும் கேட்கவில்லை.

நீ இப்படிக் கோபப்படுகிற ஆள் இல்லை. அதனால் டிரங்குப் பெட்டியில் இருக்கும் உன் கடிதங்களை எல்லாம் எடுத்துத் தேதிவாரியாகத் தரையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். ஏழு வருடத்துக் கடிதங்கள். ஆவணி மாதம் வரைக்கும் உன் வரிகள் கோடு போட்ட மாதிரி நேராகப் போகின்றன. அதற்குப் பிறகு ஒரு மாதம் கடிதமே இல்லை. ஐப்பசியில் வந்த கடிதத்திலிருந்து எல்லா வரியும் மேல்நோக்கி ஏறுகிறது. சில இடத்தில் எழுத்தே இழுபட்டிருக்கிறது. எழுதும்போது காகிதம் நகர்ந்திருக்கிறது. இன்லண்ட் கடிதத்தின் ஓரங்கள் கோணலாக ஒட்டியிருக்கின்றன. நானும் அம்மாவின் சமையலறை மேடையில் வைத்து, இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு எழுதிப் பார்த்தேன். எனக்கும் அப்படித்தான் வந்தது.

உன் இடது கைக்கு என்ன ஆயிற்று?

இதை யாரிடமும் சொல்லவில்லை. அப்பா முன்சீட்டுக்குப் புது ரெக்சின் போட்டுக்கொண்டிருக்கிறார். நடுவில் உட்காருகிறவருக்குக் குழி விழக் கூடாது என்று தேங்காய் நார் கூடுதலாக வைத்துத் தைக்கிறார். ஆண்டிச்சாமி மாமா இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

உன் தங்கை,
குருவம்மாள்

* * *

முகாம்
30.1.89

அன்புள்ள குருவு,

உன்னிடம் இனி மறைக்க முடியாது. மறைத்ததற்கு வருத்தப்படாதே.

ஆவணிக் கடைசியில் ஒரு லாரியின் கியர் பாக்ஸை இறக்கிக்கொண்டிருந்தோம். ஜாக்கி நழுவிவிட்டது. கீழே என் கை இருந்தது. இடது கையில் நான்கு விரலும் போய்விட்டன. கட்டைவிரல் இருக்கிறது. உள்ளங்கை இருக்கிறது. ஸ்டீயரிங்கைத் தாங்கிப் பிடிக்க அது போதும், ஒரு நண்பனின் வண்டியில் ஏறிப் பார்த்துவிட்டேன். ஆனால் அந்தக் கையால் லிவரைப் பிடித்துத் தள்ள முடியாது. வலது கையால் தரையில் இருக்கும் லிவரை எட்டிப்போட்டால் உடம்பு திரும்பிவிடுகிறது, கண் ரோட்டை விட்டுப் போய்விடுகிறது. லிவர் ஸ்டீயரிங்கில், வலது பக்கத்தில் இருந்தால், இடது கை தாங்கிக்கொள்ளும், வலது கை கியர் மாற்றும். இதைக் கண்டுபிடிக்க ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு மாதம் ஆனது. பட்டாளத்தை விட்டு நானாக வரவில்லை. அனுப்புகிறார்கள்.

அப்பாவிடம் சொல்லாதே. வந்து இறங்கியதும் தெரியத்தானே போகிறது என்று கேட்பாய். தெரியட்டும். அப்போது வண்டி தயாராக வாசலில் நிற்கும். நான் ஏறி ஓட்டிக் காட்டிவிடுவேன். அதற்கு முன்னால் தெரிந்தால் வாசலில் வண்டியே இருக்காது. நம் தெரு கண்ணுச்சாமி சித்தப்பாவை நினைத்துப் பார். மில்லில் கை போகும்வரைக்கும் தினம் இரண்டு ஷிப்ட் பார்த்த மனிதர். வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார வைத்தார்கள். எழுந்து ஒரு குடம் தண்ணீர் தூக்கப் போனால், "ஒங்களுக்கு எதுக்குச் செரமம், உக்காருங்க" என்பார்கள். எல்லாம் பிரியத்தில்தான். பதினோரு வருடமாக உட்கார்ந்திருக்கிறார். நான் லீவில் வந்தபோதெல்லாம் என்னிடம் மணி என்ன என்று மட்டும் கேட்பார்.

அப்பாவும் பிரியம் உள்ளவர். வண்டியை விற்றுவிட்டு எனக்கு ஒரு நாற்காலி வாங்கிவிடுவார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று கேள்விப்பட்டால் நான் ரயில் ஏற மாட்டேன். இது கோபத்தில் எழுதுவது இல்லை.

லிவரை வலது பக்கம் மாற்ற நீதான் ஒரு காரணம் சொல்ல வேண்டும். நடுவில் உட்காருகிறவரின் முழங்கால் இடது பக்க லிவரில் இடிக்கும் என்று சொல். நம்புவார்.

அன்புடன்,
பாண்டி

* * *

ராஜபாளையம்
5.3.89

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. இந்தக் கடிதத்தை நீ கடைசி வரை வாசிக்க வேண்டும். பாதியில் மடித்துவிடாதே.

நீ சொன்னபடியே அப்பாவிடம் முழங்கால் காரணத்தைச் சொன்னேன். அவர் உடனே அம்மாவைக் கூப்பிட்டு நடுவில் உட்கார வைத்தார். என்னை ஓரத்தில் உட்கார வைத்தார். தான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்தார். "நல்லா அகட்டி உக்காரு" என்று அம்மாவிடம் சொன்னார். "ஊரு பாக்க என்னைய எதுக்கு இப்படி உக்கார வைக்கீக" என்று அம்மா கத்தினாள். மறுபடியும் எல்லா கியரையும் போட்டார்.

"எங்கட்டி இடிக்குது? காட்டு."

"இடிக்கல."

"பொறவு?"

நான் கதவைத் திறந்து இறங்கி அம்மாவுக்கு வழி விட்டேன். அம்மா இறங்கி உள்ளே போய்விட்டாள். அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ள மாட்டாரா என்று இருந்தது. "கடுதாசி வந்துச்சுல்லா?" என்றார். தபால்காரர் சைக்கிளை அன்றே பார்த்திருக்கிறார். நான் உள்ளே போய் உன் கடைசிக் கடிதத்தை எடுத்துவந்து, அவர் பக்கத்தில் காருக்குள் உட்கார்ந்து, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாசித்தேன். அப்பாவிடம் சொல்லாதே என்பதையும் வாசித்தேன். நாற்காலி வாங்கிவிடுவார் என்பதையும் வாசித்தேன். எதையும் மாற்றவில்லை, எதையும் விடவில்லை.

அவர் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஜாக்கி எப்படி நழுவுச்சுன்னு போட்டிருக்கானா?"

"போடல."

"கட்டைவிரலு இருக்குன்னு போட்டிருக்கான்ல? அந்த இடத்தைத் திரும்ப வாசி."

வாசித்தேன். இறங்கிப் போய்விட்டார். அம்மாவிடம் அவரே சொன்னார். என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. அம்மா அன்றைக்கு அடுப்புப் பற்றவைக்கவில்லை.

இரண்டு நாள் பட்டறைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் தேவதானத்திலிருந்து ஒருவர் வந்தார். காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கதவைத் திறந்து மூடினார். எஞ்சினை ஓடவிட்டுக் கேட்டார். நீ எழுதியது போலவே நடக்கிறது, அதற்கு நான்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றேன். "முடிவாச் சொல்லும்யா, இன்னிக்கே ஓட்டிட்டுப் போயிருதேன்" என்றார் அவர். அப்பா எஞ்சினை அணைத்தார். பிறகு, "இது எம்மகன் ஓட்டுத வண்டி" என்றார். அந்த மனிதர் குடித்த காப்பி டம்ளரை வைத்துவிட்டுப் போனார். அப்பா ஸ்பானர் பெட்டியைத் திறந்து லிவரைக் கழற்ற ஆரம்பித்தார்.

லிவரை வலது பக்கம் கொண்டுவருவது நீ நினைத்ததைவிடப் பெரிய வேலையாகிவிட்டது. அந்தப் பக்கத்துக்கு மாற்றியதும் கியரெல்லாம் தலைகீழாகிவிட்டது. மேலே போட வேண்டியது கீழே விழுகிறது, கீழே போட வேண்டியது மேலே. "அப்படியே இருக்கட்டும், பழகிக்கிடுவான்" என்றார் தவசிமுத்து மாமா. அப்பா கேட்கவில்லை. "அவசரத்துல கை பழைய எடத்துக்குத்தான் போவும். ரோட்டுல யோசிக்க நேரம் இருக்காது" என்றார். தண்டின் அடியில் கூடுதலாக ஒரு இரும்புக் கையும் இரண்டு கம்பியும் வைத்துத் தலைகீழைச் சரிசெய்தார்கள். மூன்று தடவை செய்து மூன்றையும் தூக்கிப் போட்டார். "ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?" என்று மாமா கேட்டார். அவரிடம் விஷயத்தைச் சொல்லவில்லை. நாலாவது தடவை சரியாக வந்தது. நான் விட்டுவிட்ட ஹேண்ட் பிரேக் வரியையும் அப்பாவிடம் சொல்லிவிட்டேன், அதைக் கதவோரம் மாற்ற ஒரே நாள்தான் ஆனது.

போன வியாழக்கிழமை காலையில் வண்டியை எடுத்தார். என்னையும் ஏறச் சொன்னார். உட்கார்ந்ததும் ஒரு துணியைக் கொடுத்து இடது கையை நீட்டினார். நான்கு விரலையும் மடக்கி உள்ளங்கையோடு சேர்த்துக் கட்டச் சொன்னார். கட்டைவிரலை மட்டும் வெளியே விடச் சொன்னார். கட்டினேன். "இறுக்குட்டி. அவுந்துச்சுன்னா அந்த விரலு ஒதவிக்கு வந்துரும்" என்றார். இறுக்கினேன்.

அப்படியே ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் ஓட்டினார். ஊரைத் தாண்டுவதற்குள் இரண்டு தடவை எஞ்சின் நின்றுவிட்டது. ஒரு மாட்டு வண்டியை ஒதுங்கித் தாண்டும்போது ஸ்டீயரிங் கையை விட்டு நழுவி, கார் மண்ணில் இறங்கி ஏறியது. எதிரே வந்த பஸ் டிரைவர் என்னவோ சொல்லித் திட்டினார். அப்பா ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அதன் பிறகு உள்ளங்கையின் அடிப்பாகத்தை எங்கே வைத்து அழுத்த வேண்டும் என்று அவருக்குப் பிடிபட்டுவிட்டது. ஸ்டாண்டில் ஆண்டிச்சாமி மாமா பார்த்துவிட்டு, "கையில என்ன கட்டு?" என்றார். "ஒண்ணுமில்ல, பழகுதேன்" என்றார் அப்பா. "இத்தன வருசம் ஓட்டிட்டு இப்பமா பழகுதீரு?" என்று மாமா சிரித்தார். அங்கிருந்து செண்பகத்தோப்பு ஏற்றத்தில் ஏற்றி, வனத்துறைக் காவலர் நிற்கும் இடத்தில் திருப்பிக்கொண்டு வந்தோம். ஏற்றத்தில் இரண்டாவது கியர் கொஞ்சம் இறுக்கம். மற்றபடி தடங்கல் இல்லை. ஸ்டாண்ட் இடம் உன் பெயரில்தான் இருக்கிறது, பங்குனிக் கடைசியில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தப் போவதாக அப்பா சொல்லிவிட்டு வந்தார். லைசென்ஸ் ஆபீசில் உன்னை ஓட்டிக் காட்டச் சொல்வார்களாம். அதற்கும் விசாரித்து வைத்திருக்கிறார்.

நீ சொல்லாதே என்றதைச் சொல்லிவிட்டேன். இதற்காக நீ ரயில் ஏறாமல் இருந்தால் அது என்னால்தான். அப்படி இருந்தாலும் இன்னொரு தடவை மாற்றி வாசிக்க என்னால் முடியாது.

இன்னும் ஒன்று. வீட்டுக்கு வந்த பிறகும் அப்பா கட்டை அவிழ்க்கவில்லை. அப்படியே கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக் குளித்தார். குளித்துவிட்டு வேட்டி கட்ட வந்தார். ஒரு நுனியைப் பிடித்தால் மறுநுனி விழுந்துவிடுகிறது. அம்மா எழுந்தாள். "நீ உக்காரு" என்றார். சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். வெகுநேரம் ஆனது. நாங்கள் இரண்டு பேரும் அவரைப் பார்க்காத மாதிரி அரிசி புடைத்துக்கொண்டிருந்தோம். பிறகு திரும்பினார். இடுப்பில் வேட்டி நின்றது. கோணலாக இருந்தது, ஆனால் நின்றது.

"ஒரு நுனிய மொதல்ல இடுப்புல சொருகிட்டு, கட்டைவிரலால அமுக்கிக்கிட்டு, பொறவு வலது கையால சுத்தணும். மொதல்லயே ரெண்டு நுனியவும் புடிக்கக் கூடாது. இதையும் அவனுக்கு எழுது" என்றார்.

எழுதிவிட்டேன்.

உன் தங்கை,
குருவம்மாள்